இயலாமைக்கு வரிச் சலுகை: திருகோணமலையிலிருந்து ஒரு கணக்கு

ரொறன்ரோவில் இருக்கும் எங்கள் ஊர்ப் பிள்ளை ஒருவர் சில மாதங்களுக்கு முன் தொலைபேசியில் என்னிடம் ஒரு விஷயம் கேட்டார். "அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் தெரியாமப் போச்சு, மாமா. இஞ்ச இயலாத ஆக்களுக்கு வரியில கழிச்சு விடுறாங்கள். அம்மாவின்ர செலவு முழுக்க நான்தானே அனுப்புறன். அவவின்ர பேரில நான் அதைக் கேக்கலாமோ?" தாய் இருப்பது உப்புவெளியில். நீரிழிவு கண்ணைத் தின்றுவிட்டது.

விடை ஒரே சொல்தான்: முடியாது. தாயின் இயலாமைக்கான கழிவைக் கனடாவில் உள்ள மகன் தன் கணக்குக்கு மாற்ற வேண்டுமென்றால், அந்த ஆண்டில் சிறிது காலமாவது அந்தத் தாய் கனடாவில் வதிந்திருக்க வேண்டும். மாதாமாதம் அனுப்பும் காசு எவ்வளவு என்பது அந்தச் சட்டத்துக்குப் பொருட்டல்ல. சொல்லிவிட்டு வைத்துவிட்டேன். ஆனால் அவர் கேட்காத கேள்வி ஒன்று அன்றிரவு முழுக்க என்னை விடவில்லை. அதே தாய்க்காகத் திருகோணமலையில் யாரிடம், எதைக் கேட்பது? நம் வரிச் சட்டத்தில் அப்படியொன்று உண்டா? இல்லையென்றால், இருக்க வேண்டுமா? கணக்குப் பிரிவில் வேலை பார்த்து ஓய்வுபெற்று, இப்போது ஊராருக்குப் படிவம் நிரப்பிக் கொடுக்கும் எனக்கு இந்தக் கேள்வியை முழுதாக ஒருமுறை பார்க்க வேண்டும் என்று பட்டது.

முதலில் அந்தச் சலுகையின் நியாயத்தைச் சொல்ல வேண்டும். ஒரே சம்பளம் வாங்கும் இருவரில் ஒருவருக்குப் பார்வை இல்லை. மற்றவர் பேருந்தில் போகும் இடத்துக்கு இவர் ஓட்டோ பிடிக்க வேண்டும். மற்றவர் தானே வாசிக்கும் கடிதத்தை வாசிக்க இவருக்கு ஆள் வேண்டும். இருவரின் கையிலும் மாத முடிவில் மிஞ்சுவது ஒன்றல்ல. ஆகவே இருவரிடமும் ஒரே வரியை அறவிடுவது சமமாகத் தோன்றினாலும் சமமல்ல. இது தருமம் கொடுப்பதல்ல, ஒருவரின் வரி கட்டும் சக்தியைச் சரியாக அளப்பது. கனடா இதை 1944 இல் பார்வையற்றோருக்கான கழிவாகத் தொடங்கியது. பின்னர் கடுமையான இயலாமை உள்ள மற்றவர்களுக்கும் விரித்து, 1988 இல் வருமானத்திலிருந்து கழிக்கும் முறையை விட்டு வரியிலிருந்தே கழிக்கும் முறைக்கு மாற்றியது.

இந்த இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் சிறியதல்ல. வருமானத்திலிருந்து கழித்தால், அதிக வீதத்தில் வரி கட்டுபவருக்கு அதிக நன்மை. வரியிலிருந்து கழித்தால் எல்லாருக்கும் ஒரே நன்மை. 2024 வரி ஆண்டுக்குக் கனடா வைத்த தொகை 9,872 டொலர். அதன் 15 வீதமான ஏறத்தாழ 1,480 டொலர் மத்திய வரியில் குறைந்தது. மாகாண வரியிலும் ஒரு பங்கு குறையும். கட்ட வேண்டிய வரி அதைவிடக் குறைவு என்றால் மிச்சம் கையில் வராது. ஆனால் தாங்கிப் பராமரிக்கும் கணவன், மனைவி, பெற்றோர், பிள்ளை, உடன்பிறப்பு ஆகியோரின் கணக்குக்கு அதை மாற்றலாம். என் பார்வையில் அதன் பெரிய பயன் அந்தத் தொகையில் இல்லை. அந்தச் சலுகைக்கான சான்றிதழ் கிடைத்தவருக்கு வேறு கதவுகள் திறக்கின்றன: அரசு தன் பங்கையும் போடும் இயலாமைச் சேமிப்புத் திட்டம், பிள்ளைகளுக்கான மேலதிகக் கொடுப்பனவு, 2025 ஜூலையில் தொடங்கிய மாதம் 200 டொலர் வரையிலான இயலாமைக் கொடுப்பனவு. எல்லாவற்றுக்கும் டி2201 என்ற அந்த ஒரே படிவம்தான் வாசல்.

அந்தப் படிவத்தைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்கிறேன். கனடாவில் ஸ்காபரோவிலும் மார்க்கம் நகரிலும் உள்ள நம்மவர்கள் தடுக்கி விழும் இடம் அதுதான். முதற்பகுதியை விண்ணப்பதாரர் நிரப்ப வேண்டும். இப்போது இணையத்திலோ தொலைபேசியிலோ அதை முடித்து, கிடைக்கும் இலக்கத்தை வைத்தியரிடம் கொடுத்தால் போதும். இரண்டாம் பகுதி வைத்தியருடையது. அதில் நோயின் பெயர் முக்கியமில்லை. நடத்தல், உடுத்தல், உண்ணல், கேட்டல், பேசுதல், பார்த்தல், கழிவறைத் தேவை, அன்றாட வாழ்வுக்கு வேண்டிய மனச்செயல்கள் ஆகியவற்றில் எது தடைப்பட்டிருக்கிறது, எவ்வளவு தடைப்பட்டிருக்கிறது என்பதைத்தான் அது கேட்கிறது. மருந்தும் கருவியும் இருந்தும், அதே வயதுடைய மற்றவரைவிட மூன்று மடங்கு நேரம் பிடிக்கிறதா? அது எப்போதோ ஒருமுறையா, ஏறக்குறைய எந்நேரமுமா? தொடர்ந்து 12 மாதமாவது நீடித்திருக்கிறதா, அல்லது நீடிக்குமா? முடக்குவாதம் என்று எழுதினால் போதாது. சட்டைப் பொத்தான் போட அரை மணித்தியாலம் ஆகிறது என்று எழுத வேண்டும். நம் முதியவர்களோ வைத்தியர் கேட்டால் "பரவாயில்லை, சமாளிக்கிறன்" என்கிறார்கள். மானத்தோடு சொன்ன அந்த ஒரு வார்த்தையால் விண்ணப்பம் திரும்பி வருகிறது. போகுமுன் ஒரு வாரத்துக்கு ஒரு கொப்பியில், எந்த வேலைக்கு எவ்வளவு நேரம், யார் உதவினார்கள் என்று குறித்துக்கொண்டு போகச் சொல்கிறேன். இயலாமை முன்பே தொடங்கியது என்று வைத்தியர் உறுதிசெய்தால் கடந்த 10 ஆண்டு வரை பின்னோக்கியும் திருத்தம் கேட்கலாம். படிவம் இலவசம். கிடைக்கும் பணத்தில் பெரும் பங்கை வாங்கிக்கொண்டு நிரப்பித் தரும் கம்பனிகளைக் கட்டுப்படுத்த 2014 இல் தனிச் சட்டமே போட வேண்டி வந்தது.

இந்தியா வேறு வழியில் போனது. 1961 ஆம் ஆண்டின் வருமான வரிச் சட்டத்தில் 80யு என்ற பிரிவு இயலாமை உள்ளவருக்கும், 80டிடி என்ற பிரிவு அவரைப் பராமரிக்கும் குடும்பத்தவருக்கும் கழிவு கொடுத்தது. 40 வீதமோ அதற்கு மேலோ இயலாமை என்றால் 75,000 ரூபாய், 80 வீதமோ அதற்கு மேலோ என்றால் 1,25,000. பழைய வரிமுறையைத் தேர்ந்தவர்களுக்கு மட்டும்தான். புதிய முறைக்குப் போனவர்களுக்கு இது கிடையாது. அங்கே எல்லாம் வீதக் கணக்கில் ஓடுகிறது. ஒரு காலுக்கு இத்தனை வீதம், ஒரு கண்ணுக்கு இத்தனை வீதம். உடலைப் பங்கு போடுவது போன்ற இந்த முறை எனக்கு உவப்பில்லை. ஆனால் நாடு முழுவதும் செல்லும் ஒரே இயலாமை அட்டையை அவர்கள் கொண்டுவந்திருக்கிறார்கள். அதைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன். பிரித்தானியாவில் பார்வையற்றோருக்கு மட்டும் ஒரு வரிக் கழிவு, 2025-26 இல் 3,130 பவுண்; மற்ற இயலாமைகளுக்கு வரியோடு தொடர்பில்லாத நேரடிக் கொடுப்பனவு.

இனி நம் வீட்டுக்கு வருவோம். 2017 ஆம் ஆண்டின் 24 ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டம் தனிநபருக்குச் சில நிவாரணங்களைத் தருகிறது. எல்லாருக்கும் பொதுவான ஆண்டு நிவாரணம் உண்டு; 2023 இல் 12 இலட்சமாக இருந்தது, 2025 ஏப்ரல் முதல் 18 இலட்சம். வீட்டு வாடகை வருமானத்துக்கு ஒன்று, சூரிய மின்தகட்டுக்கு ஒன்று. கண்ணில்லாதவருக்கு, காலில்லாதவருக்கு, மனவளர்ச்சி குன்றிய பிள்ளையை வளர்க்கும் தாய்க்கு என்று ஒன்றும் இல்லை. கூரையில் மின்தகடு பொருத்தியவரை நினைத்த சட்டம், அந்தக் கூரையின் கீழ் படுக்கையில் கிடப்பவரை நினைக்கவில்லை.

ஓரங்களில் சில உண்டு. உடற்காயத்துக்கு ஈடாகக் கிடைத்த மொத்தத் தொகைக்கு வருமான வரி இல்லை. அதை வைப்பில் போட்டு வட்டி எடுப்பவரிடம் வங்கி 2025 ஏப்ரல் முதல் 10 வீதத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஆனால் ஆண்டு வருமானம் 18 இலட்சத்துக்கு உட்பட்டவர் வங்கியில் ஒரு பிரகடனப் படிவம் கொடுத்தால் பிடிக்கமாட்டார்கள். நட்டஈட்டுப் பணத்தின் வட்டியில் வாழும் எத்தனையோ பேர் இது தெரியாமல் மாதாமாதம் இழக்கிறார்கள். வரி இலக்கம் எடுத்து, பிரகடனத்தை நிரப்பி, நீங்களே போய்க் கொடுங்கள். யாரும் தேடி வந்து கேட்கமாட்டார்கள். 2002 ஆம் ஆண்டின் பெறுமதிசேர் வரிச் சட்டத்தின் விலக்குப் பட்டியலில் சக்கர நாற்காலி, ஊன்றுகோல், கேட்டல் கருவி, வெள்ளைப்பிரம்பு, பிரெய்ல் எழுதுகருவி எல்லாம் இடம்பெற்றன. அந்தப் பட்டியல் அடிக்கடி மாறுவது. 2024 ஜனவரியில் வரி 18 வீதமானபோது பல விலக்குகள் நீங்கின. ஆகவே வாங்கும்போது பற்றுச்சீட்டைப் பார்த்து, வரி சேர்த்திருந்தால் ஏன் என்று கேட்க வேண்டும்.

சரி, கனடாவைப் போல ஒரு கழிவை நாளையே நம் சட்டத்தில் சேர்த்தால் என்ன ஆகும்? ஆண்டுக்கு 6 இலட்சம் ரூபா மேலதிக நிவாரணம் என்று வைத்துக் கணக்குப் பார்த்தேன். மாதம் 2,50,000 ரூபா எடுக்கும் ஒருவரின் ஆண்டு வருமானம் 30 இலட்சம். 18 இலட்சம் போக வரிக்கு உட்படுவது 12 இலட்சம். முதல் 10 இலட்சத்துக்கு 6 வீதம், அடுத்ததற்கு 18 வீதம் என்றால் இப்போது அவர் கட்டுவது 96,000. புதிய நிவாரணத்தோடு அது 36,000 ஆகும். மாதம் 5,000 ரூபா மிச்சம். மாதம் 2,00,000 எடுப்பவருக்கு மிஞ்சுவது 3,000. மாதம் 1,50,000 அல்லது அதற்குக் கீழே எடுப்பவருக்கு ஒரு சதமும் இல்லை, ஏனென்றால் அவர் வரியே கட்டவில்லை. திருகோணமலையில் அந்த எல்லைக்கு மேலே நிற்பவர்கள் யார்? துறைமுகத்தில், சீனக்குடாவின் மா ஆலையில், சீமெந்துத் தொழிற்சாலையில், வைத்தியசாலையில், வங்கியில் மேல்நிலையில் இருப்பவர்கள். அவர்கள் வீட்டிலும் இயலாமை உண்டு, அவர்களுக்கும் நியாயம் உண்டு. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் இந்த மாவட்டத்தில் இயலாமை பெரும்பாலும் வேறு வீடுகளில் குடியிருக்கிறது.

குச்சவெளியில் ஒரு வீட்டுத் திண்ணையில் நான் கண்ட ஒருவரைச் சொல்கிறேன். சங்கும் கடலட்டையும் எடுக்கச் சுழியோடியவர். ஆழத்திலிருந்து வேகமாக மேலே வந்தால் இரத்தத்தில் கரைந்த வாயு குமிழ்ந்து முள்ளந்தண்டைத் தாக்கும். இடுப்புக்குக் கீழே உணர்ச்சி போய்விடும். அவருக்கு நடந்தது அதுதான். நல்ல பருவத்தில் அவர் உழைத்த காசு ஓர் உத்தியோகத்தரின் சம்பளத்தைவிட அதிகம். ஆனால் சம்பளச் சிட்டை இல்லை, முதலாளி என்று எழுத ஆளில்லை, ஊழியர் சேமலாப நிதி இல்லை. துறைமுகத்திலோ ஆலையிலோ சம்பளத்துக்கு நின்று அடிபட்டவருக்கு 1934 ஆம் ஆண்டின் வேலையாட்கள் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் இருக்கிறது. இவருக்கு அது பொருந்தாது. மீனவர்களுக்கான ஓய்வூதியச் சமூகப் பாதுகாப்புத் திட்டம் 1990 இல் சட்டமானது; அதில் பணம் கட்டிச் சேர்ந்திருந்தால்தான் பயன். இவர் சேர்ந்திருக்கவில்லை. வருமான வரிக் கழிவு இவரை எங்கே தொடும்? 2006 இல் மூதூரிலும் சம்பூரிலும் ஷெல் விழுந்து கை கால் இழந்தவர்களை, 2004 டிசம்பர் அலையில் முதுகு உடைந்தவர்களை எங்கே தொடும்?

அவர்களுக்கு உள்ளது மாதக் கொடுப்பனவு. குறைந்த வருமானக் குடும்பத்தில் உள்ள இயலாமை உடையவருக்கு அஸ்வெசும நலன்புரித் திட்டத்தின் தொடக்கத்தில் 5,000 ரூபாவாக இருந்தது, 2024 இல் 7,500 ஆகி, 2025 ஏப்ரலில் 10,000 ஆனது. இந்த உயர்வு சிறியதல்ல, வரவேற்கிறேன். ஆனால் ஒரு ஆள் ஒரு மாதம் உயிர்வாழ வேண்டிய குறைந்தபட்சச் செலவு என்று அரசின் புள்ளிவிவரத் திணைக்களம் சொல்லும் தொகையே 16,000 ரூபாவைத் தாண்டியிருக்கிறது. அது இயலாமை இல்லாதவரின் செலவு. சிறுநீர்க் குழாய், படுக்கைப் புண் மருந்து, ஓட்டோக் கூலி எதுவும் அதில் இல்லை.

விண்ணப்பிக்கும் முறை: பிரதேச செயலகத்தில் சமூக சேவை உத்தியோகத்தரிடம் படிவம் வாங்குவது, கிராம உத்தியோகத்தரிடம் வதிவிடத்தையும் வருமானத்தையும் உறுதிப்படுத்துவது, அரச வைத்தியரிடம் மருத்துவப் பகுதியை நிரப்புவிப்பது, அடையாள அட்டைப் பிரதியும் வங்கிப் புத்தகப் பிரதியும் இணைப்பது. எழுதும்போது நான்கு வரி. செய்யும்போது வெருகலிலிருந்தோ மொறவெவவிலிருந்தோ சக்கர நாற்காலியை ஓட்டோவில் மடித்து ஏற்றி, மூன்று நாளைக் கூலி வேலையை விட்டுக் கூடவே ஒருவர் வந்து, உரிய வைத்தியர் இல்லாத நாள் என்று கேட்டுத் திரும்புவது. ஒருமுறை ஒரு கந்தோர் வாசலில் செயற்கைக் கால் அணிந்த ஒருவரைப் பார்த்தேன். கையில் துணிக்கடைப் பை. அதற்குள் பதினான்கு மருத்துவச் சான்றுகள், ஒவ்வொன்றும் ஒவ்வொரு உதவிக்காக ஒவ்வொரு ஆண்டில் எடுத்தது. எல்லாவற்றிலும் ஒரே செய்தி: இடது கால் முழங்காலுக்குக் கீழே இல்லை. அன்று அவரிடம் பதினைந்தாவதைக் கேட்டிருந்தார்கள். "கால் முளைச்சிட்டுதோ எண்டு பாக்கினம் போல," என்றார் பக்கத்தில் நின்ற அவருடைய மனைவி. அவ முகத்தில் சிரிப்பில்லை.

இந்தியாவின் ஒரே அட்டையைப் பற்றிச் சொன்னேனே, அது இந்த இடத்துக்காகத்தான். நம் நாட்டின் 1996 ஆம் ஆண்டு 28 ஆம் இலக்கச் சட்டம், உடல் அல்லது உளக் குறைபாட்டால் தன் வாழ்க்கைத் தேவைகளை முழுதாகவோ பகுதியாகவோ தானே நிறைவேற்ற முடியாதவரை இயலாமை உடையவர் என்று வரையறுக்கிறது. நல்ல வரையறை, நோயைக் கேட்கவில்லை, வாழ்க்கையைக் கேட்கிறது. வேலையிலும் கல்வியிலும் பாகுபாடு காட்டினால் மாகாண மேல் நீதிமன்றத்துக்குப் போகவும் அது வழி சொல்கிறது. 2012 குடிசனமதிப்பும் அப்படித்தான் கேட்டது: பார்ப்பதில், கேட்பதில், நடப்பதில், நினைவில் வைப்பதில், தன்னைத் தானே பராமரிப்பதில், பேசிப் புரியவைப்பதில் கஷ்டம் உண்டா? ஐந்து வயதுக்கு மேற்பட்டவர்களில் 8.7 வீதமானோர், அதாவது 16 இலட்சம் பேர் ஏதோவொன்றில் உண்டு என்றார்கள். 2016 பெப்ரவரியில் இலங்கை இயலாமை உடையோரின் உரிமைகளுக்கான ஐ.நா. சமவாயத்தையும் ஏற்று உறுதிசெய்தது. ஆனால் அந்த வரையறையை ஒருமுறை அளந்து, ஒரு அட்டையில் எழுதி, எல்லாக் கந்தோரும் அதை நம்பும் நிலை இன்னும் நம் கைக்கு வரவில்லை. வரிக் கழிவைக் கொண்டுவந்தாலும் அதற்கும் ஒரு சான்று கேட்பார்கள். துணிக்கடைப் பைக்குள் பதினாறாவது.

ஆகவே என் முடிவு இதுதான். வரிச் சட்டத்தில் இயலாமைக்கு ஒரு கழிவு வர வேண்டும், வீட்டில் பராமரிப்பவரின் கணக்குக்கும் மாற்றக்கூடியதாக. ஆனால் அது முதலாவதாக வர வேண்டியதல்ல. ஒரே சான்று முதலில். அதையும் மாவட்டத்தின் பதினொரு பிரதேச செயலகங்களுக்கும் வைத்தியக் குழு முறைபோட்டு வந்து கொடுக்க வேண்டும். அடுத்தது, மாதக் கொடுப்பனவைக் குடும்ப வருமானத்திலிருந்து பிரிப்பது. தம்பிக்கு ஹோட்டலில் வேலை கிடைத்ததால் அக்காவுக்குக் கண் தெரிந்துவிடாது. வரி கட்டுபவருக்குக் கழிவாகவும், கட்டாதவருக்குக் காசாகவும் ஒரே தொகை போகுமாறு அமைத்தால், துறைமுகப் பொறியியலாளரின் மகனும் குச்சவெளிச் சுழியோடியும் ஒரே சட்டத்தின் கீழ் ஒரே உரிமையோடு நிற்பார்கள். நம் கிழக்கில் பழைய பொதுசன உதவிப் பணத்துக்கு மக்கள் வைத்த பெயர் பிச்சைச் சம்பளம். வாங்கியவர்களே அப்படிச் சொன்னார்கள். வரிக் கழிவு வாங்கும் எவரும் அதைப் பிச்சை என்று சொல்வதில்லை. இரண்டும் அரசின் பணம்தான்.

அரசாங்க வேலைகளில் 3 வீதத்தை இயலாமை உடையோருக்கு ஒதுக்கச் சொன்ன 1988 ஆம் ஆண்டின் 27 ஆம் இலக்கச் சுற்றறிக்கையையும் இந்தக் கணக்கில் சேர்க்க வேண்டும். அது உண்மையாகவே நடந்திருந்தால், இன்று வரிக் கழிவு கேட்கும் தகுதியோடு எத்தனையோ பேர் இருந்திருப்பார்கள்.

உப்புவெளி அம்மாவிடம் போன கிழமை போனேன். கிளினிக் கொப்பியில் ஆங்கிலத்தில் இரண்டு சொல்: டயபெட்டிக் ரெட்டினோபதி. அவ்வளவுதான். கொடுப்பனவுப் படிவத்தின் மருத்துவப் பகுதிக்கு அது போதாது என்று சொல்லி, ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக்கொண்டு எதிரே இருந்தேன். "வீட்டு வேலை என்னென்ன செய்யக் கஷ்டம், அக்கா?" "ஒண்டுமில்லைத் தம்பி, சமாளிக்கிறன்." "தேத்தண்ணி ஆர் போடுறது?" "நான்தான்." "கோப்பை நிரம்பினது எப்பிடித் தெரியும்?" வலது கைச் சுட்டுவிரலைக் கோப்பையின் விளிம்புக்குள் விட்டு ஊற்றிக் காட்டினா. கொதிநீர் விரலைத் தொட்டதும் நிறுத்துவா. விரல் நுனித் தோல் வெளுத்துத் தடித்திருந்தது. அடுப்பு பற்றியதைச் சத்தத்தில் அறிவா, மருந்துக் குளிசைகளை உருவத்தில் அறிவா. ஒரே உருவத்தில் இரண்டு குளிசை வந்தபோது ஒருநாள் மாறிப்போட்டு மயங்கி விழுந்திருக்கிறா. வீட்டிலிருந்து வைரவர் கோயில்வரை முன்பு ஐந்து நிமிஷம், இப்போது அயல் வீட்டுப் பிள்ளை கைபிடித்தால் இருபது நிமிஷம்.

எல்லாவற்றையும் நேரத்தோடு எழுதினேன். வாசித்துக் காட்டினேன். "இவ்வளவு கஷ்டமோ எனக்கு?" என்று கேட்டா. தாளை நான்காக மடித்துக் கிளினிக் கொப்பிக்குள் வைத்தோம். அடுத்த கிளினிக் செவ்வாய்க்கிழமை.